காசு போயிற்று, புஸ்தகம் நின்றது

உத்தம சோழன் காலத்துப் பொற்காசு ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதர் பார்வைக்கு வந்தது. அமர்ந்த புலி, அதன் முன் ஒரு மீன், அவற்றை அடுத்துக் கிரந்த எழுத்தில் உத்தம சோழன் என்ற பெயர், விளிம்பைச் சுற்றி முத்துக் கோத்தாற்போன்ற புள்ளி வரிசை. இவ்வளவும் ஒரு சிறு பொன் வட்டத்துக்குள் அடங்கியிருந்தன. இன்ன சோழ மன்னன் வெளியிட்டது என்று பெயரைக் கொண்டே சொல்லக்கூடிய நாணயங்களுள் மிகப் பழமையானவற்றில் இது ஒன்று. அந்தக் காசு இப்போது இல்லை, தொலைந்து போயிற்று. ஆயினும் அதன் உருவம் நமக்கு நன்றாகத் தெரியும். ஸர் வால்டர் எலியட் என்பவர் அதன் படத்தைத் தமது புஸ்தகத்தில் சேர்த்து வைத்தார் என்பதே காரணம். காசு போயிற்று, புஸ்தகம் நின்றது.

இந்த உத்தம சோழனுடைய தந்தையார் கண்டராதித்தர். அவர் பெயரைத் தாங்கிய கண்டராதித்தம் என்னும் ஊர் அரியலூர் மாவட்டத்தில் இன்றும் இருக்கிறது. அதே மாவட்டத்தில்தான் இராஜேந்திர சோழன் கங்கை வரை படை செலுத்தி மீண்டபின் அமைத்த கங்கைகொண்ட சோழபுரமும் உள்ளது. சுமார் 1025-ஆம் வருஷம் தொடங்கி 1279 வரையில், இரண்டரை நூற்றாண்டு காலம், சோழப் பேரரசின் தலைநகரமாக விளங்கிய ஊர் அது. கப்பமும் வரியும் கடல் வாணிபத்தின் லாபமும் வந்து குவிந்த நகரம். அந்தப் பூமியில் ஏர் உழும்போதும், வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் பழங்காசுகள் அகப்படுவதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது? அகப்பட்ட காசு பிறகு என்ன ஆகிறது என்பதல்லவா யோசிக்க வேண்டிய விஷயம்!

பொன்னாக இருந்தால் பெரும்பாலும் தட்டானுடைய மூசைக்குள் போகிறது. செம்பாக இருந்தால் பழைய பாத்திரங்களோடு எடைக்குப் போகிறது. இரண்டுமின்றி வீட்டிலேயே தங்கிவிட்டால், புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பூஜை அறையில் வைக்கப்படுகிறது. எழுத்தும் உருவமும் அந்தப் புளியோடு போய்விடுகின்றன. இவ்வளவுக்கும் காரணம் பேராசை அன்று. கையில் இருப்பது இன்னதென்று அறிந்துகொள்ள வழியில்லாமையே காரணம். அந்த வழியைக் காட்டுபவை நாணய நூல்கள். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் குடும்பங்களில், அலமாரி ஓரத்துத் தகர டப்பாவிலோ பாட்டியின் சுருக்குப்பையிலோ நாலு பழங்காசு வைத்திருப்பவர்கள் அநேகர். அவர்கள் எந்தெந்தப் புஸ்தகங்களைக் கையில் எடுக்க வேண்டும் என்பதை இங்கே சொல்ல உத்தேசம்.

மூன்று கேள்விகள்

ஒரு பழங்காசைக் கையில் எடுத்தவுடன் மூன்று கேள்விகள் எழுகின்றன. இது யாருடையது? இது மெய்யா, பொய்யா? இதன் மதிப்பு என்ன? பெரும்பாலோர் மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முதல் இரண்டுக்கும் விடை காணாமல் மூன்றாவதைக் கேட்பது, பெண்ணின் ஊரும் பேரும் தெரியாமல் சீர்வரிசையைப் பற்றிப் பேசுவது போலத்தான். நல்ல நூல் முதல் கேள்விக்குப் படத்தாலும் எழுத்தாலும் விடை சொல்லும். இரண்டாவதற்கு எடையாலும் அளவாலும் விடை சொல்லும். மூன்றாவதற்குச் சில நூல்கள் மட்டுமே விடை சொல்லும்; அதுவும் வருஷந்தோறும் மாறும்.

எல்லாக் காசுக்கும் ஒரே புஸ்தகம் போதும் என்று நினைப்பவரும் உண்டு. உலக நாணயங்கள் அனைத்துக்கும் விலைப் பட்டியலாக அமெரிக்காவில் கிராஸ், மிஷ்லர் என்னும் இருவர் தொகுத்த பெருநூல் 1972-ல் முதலில் வெளிவந்தது. தலையணைக்குப் பதிலாக வைத்துக் கொள்ளலாம் போன்ற பருமன். பிறகு நூற்றாண்டுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பாகங்கள் வெளியாயின. கும்பெனிக் காசு, விக்டோரியா ரூபாய், ஜார்ஜ் மன்னர் காலத்து அணா, சுதந்திர இந்தியாவின் நயா பைசா ஆகியவற்றுக்கு அது மிகவும் பயன்படும். ஆனால் அந்தப் பட்டியல் 1601-ஆம் வருஷத்துக்குப் பிற்பட்ட காசுகளையே எடுத்துக்கொள்கிறது. இராஜராஜனுடைய செப்புக் காசை வைத்துக்கொண்டு அதைப் புரட்டினால் கை வலிப்பதுதான் மிச்சம். சோழ நாட்டில் வசிப்பவருக்கு வேறு நூல்கள் வேண்டும்.

வெள்ளைத் துரைகளின் சேகரம்

தென்னாட்டுக் காசுகளைத் திரட்டியவர்களில் முற்பட்டவர் கர்னல் காலின் மெக்கன்ஸி. 1821-ல் அவர் காலமானபோது ஏட்டுச் சுவடிகளோடும் கல்வெட்டுப் படிகளோடும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நாணயங்களும் அவருடைய சேகரத்தில் இருந்தன. அவருக்குப் பின் வந்தவர்தான் எலியட். 1803-ல் பிறந்து, இளம் வயதில் சென்னை ராஜதானியில் உத்தியோகம் ஏற்று, சுமார் நாற்பது வருஷம் இந்நாட்டில் இருந்தவர். முதுமையில் கண் பார்வை மிகவும் குன்றிய நிலையில், தாயகமான ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டு, "காயின்ஸ் ஆப் சதர்ன் இந்தியா" என்னும் தென்னிந்திய நாணய நூலை முடித்தார். அது 1886-ல் லண்டனில் அச்சாயிற்று; மறு வருஷமே அவர் காலமானார்.

எலியட் சேர்த்த தென்னிந்திய நாணயங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நம் நாட்டுச் செல்வம் அயல் நாட்டுப் பெட்டிக்குள் அடைபட்டதே என்று மனம் வருந்துவது இயல்பு. அந்த வருத்தம் நியாயமானதே. அதோடு இன்னொரு நியாயத்தையும் மறக்கலாகாது. உத்தம சோழன் காசைக் கண்டவர்களில் அதைப் படத்தோடு பிரசுரித்தவர் அவர். நம்மவர் கையில் அகப்பட்ட எத்தனையோ காசுகளுக்கு அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை.

அதே காலத்தில் சென்னை ராணுவத்தைச் சேர்ந்த காப்டன் டப்னெல், தென்னிந்தியாவில் காசு சேகரிப்போருக்கு உதவும் குறிப்புகள் என்று பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூல் எழுதினார். அரசர்களுக்காகவும் பண்டிதர்களுக்காகவும் அல்லாமல், சேகரிப்பவருக்காகவே எழுதப்பட்டது என்பது அதன் பெயரிலேயே தெரிகிறது. 1888-ல் லோவெந்தால் பாதிரியார் திருநெல்வேலிச் சீமைக் காசுகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். சென்னை மியூஸியத்தின் தலைவராக 1885-ல் பதவியேற்ற எட்கர் தர்ஸ்டன், அங்கிருந்த நாணயங்களுக்குப் பட்டியல்கள் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கும்பெனியாரின் நாணய வரலாற்றை 1890-ல் எழுதினார். இந்தப் பழைய நூல்களுக்குக் காப்புரிமை கடந்துவிட்டது. ஆகவே பலவற்றை இணையத்தில் இலவசமாகவே பக்கம் பக்கமாகப் படிக்கலாம். காசு செலவின்றிக் காசைப் பற்றிக் கற்க இதைவிட வேறு வசதி என்ன வேண்டும்?

திருச்சிராப்பள்ளியில் பிறந்த நூல்

1995 வரையில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தவையே. அந்த வருஷம் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து அரியலூர் 2001-ல் ஒருமுறை பிரிந்து, மீண்டும் சேர்ந்து, 2007-ல் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. ஆகையால் திருச்சிராப்பள்ளியில் பிறந்த நாணய நூல் ஒன்று நமது சொந்தச் சொத்து என்றே சொல்லலாம். தி. தேசிகாச்சாரி என்னும் சட்டம் பயின்ற பெரியார், இளமையில் தி. ம. ரங்காச்சாரியுடன் சேர்ந்து நாணய ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர். பல வருஷம் கழித்து, 1933-ல், "சவுத் இந்தியன் காயின்ஸ்" என்ற நூலைத் திருச்சிராப்பள்ளியிலேயே வெளியிட்டார்.

ஆங்கிலத்தில் எழுதப்பட்டதுதான். ஆனாலும் எழுதியவர் இந்த மண்ணின் மொழியும் கோயிலும் வழக்கமும் அறிந்தவர். பணம், வராகன், காசு என்ற சொற்கள் அவருக்கு அகராதியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை அல்ல, வீட்டில் வழங்கியவை. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு முதல் புஸ்தகமாக இதைச் சொல்லலாம். பின்னாளில் இது மறுபதிப்பும் பெற்றிருக்கிறது.

சோழர் காசுக்கு இதற்கு அடுத்தபடி நாட வேண்டியது பிடல்ப் என்பவர் எழுதிய நூல். 1966-ல் பாண்டியர் நாணயங்களைப் பற்றியும், 1968-ல் சோழர் நாணயங்களைப் பற்றியும் அவர் எழுதினார். காசு எவ்வாறு நாட்டில் புழங்கிற்று, எந்தக் காலத்தில் அருகிற்று, ஏன் பெருகிற்று என்ற ஆழ்ந்த விஷயங்களை அறிய விரும்புவோர் பேராசிரியர் சட்டோபாத்யாயர் 1977-ல் வெளியிட்ட தென்னிந்திய நாணயச் செலாவணி ஆராய்ச்சியைப் படிக்கலாம். தமிழ் நாட்டுத் தொல்லியல் துறையை நடத்திய இரா. நாகசாமி 1981-ல் தமிழ் நாணயங்களைப் பற்றி எழுதிய நூலும் கல்லூரி மாணவர்களுக்கு ஏற்றது. எல்லாவற்றையும் ஒருங்கே படங்களோடு பார்க்க வேண்டுமானால் மைக்கேல் மிச்சினர் 1998-ல் இரு பாகங்களாக வெளியிட்ட தென்னிந்திய நாணய வரலாறு இருக்கிறது. அதன் இரண்டாம் பாகம் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் உரியது.

சங்க காலத்துக்கு மட்டும் தனியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, ஆற்றுப் படுகைகளில் அகப்பட்ட சிறு சிறு செப்புத் துண்டுகளை ஆராய்ந்து, அவற்றுள் ஒன்றில் பெருவழுதி என்ற பாண்டியன் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் கண்டு வெளியிட்டார். பழம்பாட்டுகளில் மட்டும் கேட்ட பெயர் உலோகத்தில் தென்பட்டபோது ஆராய்ச்சியாளர் உலகமே திரும்பிப் பார்த்தது. அவருடைய சங்க கால நாணய நூல் 1997-ல் வந்தது. கரூர், மதுரை, திருக்கோவலூரில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றிய நூல் 1994-ல் வந்தது. அவர் 2021-ல் காலமானார். தேய்ந்து போன செப்புத் துண்டு என்று ஒன்றை எறியும் முன் அவருடைய புஸ்தகத்தை ஒருமுறை புரட்டுவது நல்லது.

இராஜராஜனா, பராக்கிரமபாகுவா?

நூல் இல்லாமல் ஏற்படும் குழப்பத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்து மாணவன் ஒருவன், கொள்ளுப்பாட்டியின் சுருக்குப்பையில் இருந்ததென்று ஒரு செப்புக் காசைக் கொண்டுவந்தான். ஒரு புறம் நின்ற மனித உருவம். மறு புறம் அமர்ந்த உருவம். அருகே நாகரி எழுத்து. "ஸார், இது இராஜராஜ சோழன் காசு என்று எங்கள் அப்பா சொன்னார்" என்றான். சோழ நாட்டில் இப்படிப்பட்ட காசு கிடைத்தால் எவரும் அப்படித்தான் சொல்வார்கள். இராஜராஜனுடைய காசும் இதே அமைப்பில் உள்ளதுதான்.

ஆனால் சோழர் ஈழத்தை விட்டு நீங்கிய பின், சிங்கள மன்னர்களும் இதே அமைப்பிலேயே காசு அடித்தார்கள். முதலாம் விஜயபாகு, பராக்கிரமபாகு, நிஸங்க மல்லன், லீலாவதி என்ற அரசி, இவர்கள் எல்லோருடைய காசிலும் நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் உண்டு. எழுத்து ஒன்றே வித்தியாசம். இதற்கு உரிய நூல் காட்ரிங்டன் 1924-ல் கொழும்பில் வெளியிட்ட இலங்கை நாணய நூல். அதன் படத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தோம். "ராஜ ராஜ" என்று இரட்டித்து வர வேண்டிய இடத்தில் "பராக்ரம" என்று இருந்தது. பையன் முகம் முதலில் வாடிற்று. பிறகு, "அப்படியானால் இலங்கைக் காசு எங்கள் வீட்டுக்கு எப்படி ஸார் வந்தது?" என்று கேட்டான். வகுப்பில் ஒரு வருஷம் சரித்திரம் நடத்தினாலும் பிறக்காத கேள்வி அது! வியாபாரமா, படையெடுப்பா, யாத்திரையா என்று நாற்பது பிள்ளைகளும் அன்று வாதம் செய்தார்கள்.

ஆகவே சோழர் காசு சேகரிப்பவர் நாகரி எழுத்துக்களில் ஒரு இருபதையாவது கற்றுக்கொள்ள வேண்டும். கிரந்த எழுத்தும் ஓரளவு தெரிந்திருத்தல் நலம். இரண்டும் சேர்ந்து ஒரு கோடை விடுமுறைப் படிப்பு.

காசும் கல்வெட்டும்

காசைப் பார்த்தால் அதன் உருவம் தெரியும். அந்தக் காலத்தில் அது என்ன வாங்கிற்று என்பது தெரியாது. அதற்குக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பார்க்க வேண்டும். "சவுத் இந்தியன் இன்ஸ்கிரிப்ஷன்ஸ்" என்னும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதல் பாகம் ஹுல்ஷ் பண்டிதரால் 1890-ல் வெளியிடப்பட்டது. இரண்டாம் பாகத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்கள் உள்ளன. கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச் சபைகளுக்குக் கடன் கொடுத்து, காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி வாங்கிய கணக்கு அதில் காணப்படுகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டரை ஆகிறது. இன்றைய பாங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க நேயர்களுக்கு விருப்பம் உண்டாகலாம்!

பொன்னின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கணக்கிட்டார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கல்வெட்டுக்களில் ஈழக்காசு என்ற பெயரும் வருகிறது. நூலில் இந்த வாசகத்தைப் படித்துவிட்டுக் கையில் உள்ள காசை நோக்கினால், அது பேசத் தொடங்குகிறது. நீலகண்ட சாஸ்திரியார் 1935-லும் 1937-லும் இரு பாகங்களாக வெளியிட்ட சோழர் சரித்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எந்த அரசனுக்குப் பின் எந்த அரசன் என்ற தடுமாற்றம் ஏற்படாது.

கப்பல் ஏறி வந்த காசுகள்

சோழருக்குப் பிற்பட்ட காசுகளும் இந்தப் பக்கத்தில் உண்டு. பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரமும் ரஞ்சன்குடிக் கோட்டையும் ஆர்க்காட்டு நவாபு காலத்துச் சண்டைகளில் அடிபட்ட இடங்கள். 1751-ல் முகம்மது அலிக்கு உதவியாக இங்கிலீஷ்காரரும், சந்தா சாகிபுக்கு உதவியாகப் பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டபுரத்தருகே மோதினார்கள். படை நடந்த வழியெல்லாம் காசும் நடந்திருக்கும் அல்லவா?

ஒரு புறம் அல்லிப்பூப் போன்ற பிரெஞ்சுச் சின்னமும் மறு புறம் தமிழில் புதுச்சேரி என்ற எழுத்தும் உள்ள செப்புக் காசு பிரெஞ்சுக்காரருடையது. வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துக்களைப் பின்னி அமைத்த முத்திரை உள்ளது டச்சுக்காரருடையது. கிரீடத்தின் கீழ் ராஜாவின் பெயரெழுத்தைப் பின்னி வைத்தது தரங்கம்பாடி டேனிஷ்காரருடையது. 1620 முதல் 1845 வரை அங்கே அவர்கள் ஆட்சி. இந்த டேனிஷ் காசுகளைப் பற்றி ஜான் கிரே 1974-ல் ஒரு சிறு கைந்நூல் எழுதியிருக்கிறார். கும்பெனிக் காசுகளுக்கு இன்றும் பிரமாணமாகக் கொள்ளப்படுவது மேஜர் பிரிட்மோர் 1975-ல் வெளியிட்ட நூல்.

பிரிட்மோர் நூலின் பயனைக் காட்ட ஒரு காசைச் சொல்லலாம். ஒரு புறம் கும்பெனியின் சின்னம், மறு புறம் பாரஸீக எழுத்து, கீழே பத்துக் காசு என்ற மதிப்பு, 1808 என்ற வருஷம். பர்மிங்காம் நகரத்தில் மாத்யூ போல்டனின் நீராவி யந்திரச் சாலையில் அடித்துச் சென்னைக்கு அனுப்பப்பட்டவை இவை. இவற்றை ஏற்றிய "அட்மிரல் கார்ட்னர்" என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து மணல் திட்டில் மோதி மூழ்கிற்று. 1980-களில் முக்குளிப்போர் லட்சக் கணக்கில் அக்காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். இருநூறு வருஷம் பழமையானது என்பதற்காகவே ஒரு காசு அருமையானதாகி விடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. பழமை வேறு, அருமை வேறு. இந்த ஒரு பாடத்தைக் கற்றவன் சந்தையில் ஏமாறமாட்டான்.

ஹனுமார் காசும் அரிசி இழுக்கும் காசும்

ஏமாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இராமர் பட்டாபிஷேகமோ ஹனுமாரோ ஒரு புறமும், கிழக்கிந்தியக் கும்பெனி ஓர் அணா என்ற ஆங்கில எழுத்தும் 1616, 1717, 1818 போன்ற வருஷமும் மறு புறமும் உள்ள செப்பு வில்லைகள் நாடெங்கும் விற்கப்படுகின்றன. கோடி ரூபாய் பெறும் என்பார்கள். தெய்வ சக்தி உண்டென்பார்கள். எங்கள் மாணவி ஒருத்தியின் தந்தையார், பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணத்தில் பெரும் பகுதியை இப்படிப்பட்ட ஒரு வில்லைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு, வாங்குவதற்கு வருவதாகச் சொன்ன "வெளிநாட்டுக் கம்பெனி"யை எதிர்பார்த்து எட்டு மாதம் காத்திருந்தார். வந்தது யாருமில்லை.

பிரிட்மோர் நூலைத் திறந்து பார்த்தால் இந்தக் கதை ஐந்து நிமிஷத்தில் தீர்ந்து போயிருக்கும். கும்பெனியார் இராமரையோ ஹனுமாரையோ பொறித்து அணாக் காசு அடித்ததே இல்லை. 1616-ல் நம் நாட்டில் காசு அடித்துப் புழக்கத்தில் விடும் நிலையிலும் கும்பெனி இருக்கவில்லை; சூரத்தில் கிட்டங்கி வைத்து வியாபாரம் நடத்த மொகலாய பாதுஷாவின் தயவை நாடி நின்ற காலம் அது. கோயில்களில் வழிபாட்டுக்காக வழங்கிய இராமடங்க வில்லைகள் உண்டு; அவை நாணயமும் அல்ல, கும்பெனியுடையனவும் அல்ல.

அரிசியைத் தன்பால் இழுக்கும் காசு, இடி விழுந்து இரிடியமாக மாறிய கலசம் என்ற பித்தலாட்டங்களும் இதே வகைதான். செம்புக்கு அரிசியை இழுக்கும் குணம் எக்காலத்திலும் கிடையாது. பள்ளிக்கூடத்து ரஸாயனப் புஸ்தகமே இதற்குப் போதும். பழைய நோட்டுக்கும் காசுக்கும் லட்சக் கணக்கில் விலை தருவதாகத் தன் பெயரைப் பயன்படுத்தி மோசடி நடப்பதை அறிந்து, ரிஸர்வ் பாங்கியே 2021 ஆகஸ்டில் பொது ஜனங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. தாங்கள் அவ்வித வியாபாரத்தில் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காக யாரிடமும் கட்டணம் வசூலிப்பதில்லை என்றும் அறிவித்தது. நல்ல நாணய நூல் ஒன்றின் விலை, இந்த மோசடிகளில் ஒரு குடும்பம் இழக்கும் தொகையில் நூற்றில் ஒரு பங்குகூட இராது.

புதையல் அகப்பட்டால்

கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் 1980 முதல் தொல்லியல் துறையார் அகழ்ந்து சோழர் அரண்மனையின் அடித்தளங்களை வெளிப்படுத்தி வருகின்றனர். அவர்கள் தோண்டுவது சட்டப்படி. நாம் வயலில் தோண்டும்போது காசுக் குடம் அகப்பட்டால் என்ன செய்வது? 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவாயினும், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எங்கே, எப்போது, எவ்வளவு என்ற விவரமும் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போகும்; ஒரு வருஷம் வரை சிறையும் கிடைக்கலாம். தெரிவித்து, சர்க்கார் அதை எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும் என்பது விதி. உடைமையாளர் எவருமில்லை என்று முடிவாகும் புதையலில், வேறு உடன்பாடு இல்லாதபோது, எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்புவதையும் 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல, நூலின் பொருட்டும் தெரிவிக்க வேண்டும். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் முகத்தின் மீது உளி வெட்டு இருந்தது. அவற்றை அந்த வருஷமே ஹில் என்பவர் எண்ணி, ஆராய்ந்து, லண்டன் நாணயச் சஞ்சிகையில் எழுதினார். கூட்டமாகக் கிடைத்ததைக் கூட்டமாகவே பார்த்ததால்தான் அந்த வெட்டு தற்செயலானது அல்ல என்று தெரிந்தது. நூறு பேர் கையில் ஐந்து ஐந்தாகச் சிதறியிருந்தால் அந்த உண்மை என்றைக்கும் வெளிவந்திராது. சென்னை மியூஸியத்து ரோமானியக் காசுகளுக்கு அரவமுதன் 1942-ல் எழுதிய பட்டியலும் அவ்வாறு முறைப்படி வந்து சேர்ந்த புதையல்களால் பிறந்ததே.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லா நூலையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. முதலில் தேசிகாச்சாரி, அதை ஆறு மாதம் படிக்கலாம். கையில் இருப்பவை கும்பெனிக் காசுகளானால் அடுத்தது கிராஸ் பட்டியலின் அந்த நூற்றாண்டுப் பாகம். பழைய பதிப்பே போதும், விலை மாறினாலும் படம் மாறாது. செப்புச் சிறு காசுகளானால் கிருஷ்ணமூர்த்தி. நின்ற உருவக் காசுகளானால் பிடல்பும் காட்ரிங்டனும். விலை உயர்ந்த மிச்சினர் நூலைத் தனியார் வாங்குவது கஷ்டம். சென்னையில் 1896-ல் திறக்கப்பெற்ற கன்னிமரா நூலகம் போன்ற பெரிய நிலையங்களை அதற்கு நாடலாம். பாரத நாணயச் சங்கம் 1910-ல் அலகாபாத்தில் தோன்றியது. அதன் சஞ்சிகையின் பழைய இதழ்களும் ஆராய்ச்சியில் இறங்குபவருக்குக் களஞ்சியமாகும்.

இன்னொரு புஸ்தகமும் வேண்டும். அது கடையில் கிடைக்காது. நாமே எழுத வேண்டியது. ஒரு கோடிட்ட நோட்டுப் புஸ்தகம் போதும். காசு ஒவ்வொன்றுக்கும் எண், உலோகம், எடை, குறுக்களவு, இரு புறமும் என்ன உள்ளது, எந்த நூலில் எந்தப் படத்தோடு ஒத்திருக்கிறது, யாரிடமிருந்து எந்த ஊரில் எப்போது கிடைத்தது என்று குறித்துவர வேண்டும். தட்டான் தராசில் எடை பார்க்கலாம். கைபேசியில் படம் எடுத்து அருகே ஓர் அளவுகோலை வைத்தால் அது இக்காலத்து எலியட் படம். புளியும் எலுமிச்சையும் மட்டும் காசுக்கு அருகே வரக் கூடாது. பச்சைக் களிம்பு ஏறிய காசை மெல்லிய துணியால் துடைத்து, ஈரமில்லாத காகித உறையில் வைத்தாலே போதும்.

கிடைத்த ஊரின் பெயரை எழுதுவதை அற்பமாக எண்ண வேண்டாம். காசின் விலை மறு காசு கிடைத்தால் குறையும். கிடைத்த இடத்தின் குறிப்போ ஒவ்வொரு காசு சேரும்போதும் மதிப்பு ஏறும். உடையார்பாளையத்தில் இத்தனை, திருமானூரில் இத்தனை, வேப்பந்தட்டையில் ஒன்றுமில்லை என்று பத்து வருஷக் குறிப்பு ஒன்று இருந்தால், சோழர் காலத்துச் சாலையும் சந்தையும் எங்கே இருந்தன என்று நாளைய ஆராய்ச்சியாளன் ஒருவன் அதைக் கொண்டே ஊகித்துவிடுவான்.

1836-ல் கொள்ளிடத்துக் கீழணையைக் கட்டியபோது கங்கைகொண்ட சோழபுரக் கோயில் திருமதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பெயர்த்த கற்களில் என்ன எழுத்து இருந்தது என்று முன்கூட்டிப் படியெடுத்து வைப்பார் இல்லை. அணைக்குள் போனது போனதுதான். 2025 ஜூலையில் அதே ஊரில் இராஜேந்திர சோழன் நினைவாகப் புதிய நாணயம் ஒன்றைப் பிரதம மந்திரி வெளியிட்டார். அந்தப் புதுக் காசின் எடையும் உலோகமும் சர்க்கார் பதிவேட்டில் இருக்கும். இராஜேந்திரன் தானே அடித்த காசு ஒன்று, உங்கள் தகர டப்பாவில் எந்தப் பதிவும் இன்றிக் கிடக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த டப்பாவை இறக்கி, குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, நோட்டுப் புஸ்தகத்தின் முதல் பக்கத்தில் "எண் ஒன்று" என்று எழுதுங்கள்.